கருதலளவையும் புறக்கோள்களும்

உலகத்துப் பொருள்களை உள்ளவாறு உணர்தற்குக் கருவியாவன அளவைகள். அவற்றைப் பலவாக விரிப்பாரும் உளராயினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவெல்லாம் அடங்குமென்பது சித்தாந்த நூலோர் துணிபு. இம்மூன்றனுள் நடுநின்ற கருதலளவை எத்துணை வலியுடைத்து, எவ்விடத்து வழுவும் என்பதனை மாணவர்க்குப் புகையும் நெருப்புங்கொண்டு விளக்குதல் நெடுங்கால வழக்கு. ஈண்டு யாம் அதனை விண்ணிடத்துக் கொண்டுசென்று, ஞாயிறல்லாத பிற விண்மீன்களைச் சூழ்ந்தியங்குங் கோள்களை அறிஞர் ஆராய்ந்தறிந்த வரலாற்றால் விளக்கப் புகுந்தாம். அக்கோள்களைப் புறக்கோள்கள் என்பர் வானூலார்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை மறையாது கூறுதும். 1991ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் ஒரு சைவ மன்றத்தில் யாம் சொற்பொழிவு நிகழ்த்தினேம். அவ்வாண்டு சூலைத் திங்களில், இங்கிலாந்து நாட்டு வானூலார் சிலர் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டறிந்தனர் என்னுஞ் செய்தி வெளிவந்திருந்தது. யாம் அதனைக் கைக்கொண்டு, கந்தபுராணம் கூறும் ஆயிரத்தெட்டு அண்டங்கட்கு இதோ மேனாட்டார் சான்று தந்துவிட்டனர், இனி ஐயுறுவார் யாவர் என முழங்கினேம். அவையும் கைகொட்டி மகிழ்ந்தது. ஆறு திங்கள் கழிந்தன. அக்கோள் இல்லையென்று அதனைக் கண்டதாகக் கூறியவரே அறிவித்தனர். யாமோ அவ்வவைக்கு மீண்டு சென்று அதனைக் கூறினேமல்லேம்.

அண்மையில், திருச்சிராப்பள்ளி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திற்கு எம் பெயரனுடன் சென்றிருந்தேம். அங்கே தம் மாணவர்களை அழைத்து வந்திருந்த ஓர் ஆசிரியர் எம்மைக் கண்டு வணங்கி, "ஐயா, சிறுவனாக இருந்தபோது மன்றத்தில் தங்கள் பேச்சைக் கேட்டேன். அன்று தாங்கள் சொன்ன அந்தக் கோளைத்தான் இன்றும் என் பிள்ளைகளுக்குச் சான்றாகச் சொல்லி வருகிறேன்" என்றார். எமக்கு நாவெழவில்லை. ஒருவர் வாய்ப் பிழை முப்பது ஆண்டில் எத்தனை செவிகளில் மெய்யாகிவிடுகின்றது! அப்பிழையைக் களைதலே இக்கட்டுரையின் நோக்கம்.

காண்டல் செல்லாமை

ஞாயிற்றைச் சூழவரும் புதன் முதல் நெப்தியூன் ஈறாகிய எட்டுக் கோள்களும் தமக்கென ஒளியில்லாதன. ஞாயிற்றினொளியைப் பெற்று மீட்டு வீசுவன. விண்மீன்களோ ஒவ்வொன்றும் ஒரு ஞாயிறு. அவற்றிற்கும் கோள்கள் இருத்தல் கூடும் என்பது பலர் பண்டே எண்ணியதோர் எண்ணம். எண்ணுதல் வேறு, அளவையால் துணிதல் வேறு. கோள்களுட் பெரிய வியாழன் மீட்டு வீசும் ஒளி, ஞாயிற்றினொளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு கூறேயாம். தொலைவோ மிகப் பெரிது. ஒளி ஓராண்டிற் செல்லுந் தொலைவாகிய ஒளியாண்டு 9.46 லட்சங் கோடி கிலோமீட்டர். ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனாகிய பிராக்சிமா செந்தாரியே 4.2 ஒளியாண்டுக்கு அப்பாலது.

திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நின்று, கார்த்திகைத் திருநாளிரவில் மலைக்கோட்டை உச்சியில் எரியுந் தீபத்தைப் பார்ப்பார், அத்தீபத்தை ஒட்டிப் பறக்கும் மின்மினி ஒன்றைக் காண்பரோ? காணார். பேரொளி சிற்றொளியை விழுங்கிவிடும். 2008ஆம் ஆண்டு தொட்டு, இளமையும் பருமையும் வாய்ந்து தம் விண்மீனின் வேறாக நெடுந்தொலைவில் இயங்குங் கோள்கள் சிலவற்றை நேரே படம்பிடிக்க இயன்றுள்ளது. ஏனையவற்றிற்கெல்லாங் கருதலளவையே துணை.

கருதற்கு ஏது வேண்டும். அவ்வேது யாதெனின், விண்மீனின் அசைவு. சிறுவர் தட்டாமாலை ஆடுதலைப் பார்த்திருப்பீர்கள். பெரியாரொருவர் சிறு குழவியின் கைகளைப் பற்றிச் சுழலுங்கால், குழவி பெருவட்டமிடும். பெரியாரும் அசையாது நில்லார், சிறு வட்டமிட்டே சுழல்வர். குழவி இருளில் மறைந்திருப்பினும், பெரியார் அசைவைக் கண்டார் அவர் கையை யாரோ பற்றியுளர் எனத் துணிவர். அதுபோலக் கோளும் விண்மீனும் தம்முள் ஈர்த்துப் பொதுமையமொன்றைச் சுற்றுதலின், விண்மீனின் அசைவு கோளுண்மைக்கு ஏதுவாயிற்று.

சென்னை வானாய்வகத்து ஜேக்கப்

இவ்வேதுவைக்கொண்டு புறக்கோள் உண்டெனக் கூறிய முற்பட்ட முயற்சிகளுள் ஒன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்ததென்பதனைப் பலரும் அறியார். சென்னையில் 1792இல் நுங்கம்பாக்கத்திற் கட்டிடம் பெற்ற வானாய்வகம் கிழக்கிந்தியக் கும்பினியாருடையது. அதன் தலைவராக 1850களில் இருந்தவர் படைத்துறைப் பொறியாளராகிய வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்பார். அவர் ஆராய்ந்த விண்மீன், விருச்சிகத்திற்கு வடபாலதாய், மேனாட்டார் பாம்பேந்தி என்னும் பொருள்படப் பெயரிட்ட மண்டிலத்தில் 70ஆம் எண் பெற்றது. அது நம்மினின்று ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவில், இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று 88 ஆண்டிற்கு ஒருமுறை சுற்றிவரும் இரட்டை.

அவ்விரண்டும் கணக்கிட்ட வழியிற் செல்லாது சிறிதே பிறழ்கின்றன எனக் கண்ட ஜேக்கப், கண்ணுக்குப் புலனாகாக் கோளொன்று அவற்றுளொன்றைப் பற்றி இழுத்தலாலேயே அப்பிறழ்ச்சி நேர்ந்திருத்தல் கூடும் என 1855இல் எழுதினார். முடிந்த முடிபாகக் கூறாது, பெரிதும் இயலுவதென்றே கூறினார் என்பது கருதத்தக்கது.

அவர் அளக்கப் புகுந்தது எத்துணை நுண்ணியதென்பதனைக் காண்போம். வட்டத்தை 360 பாகையாக்கி, பாகையை 60 கலையாக்கி, கலையை 60 விகலையாக்குவர். திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரத்தில் நின்று மலைக்கோட்டையை நோக்குவார்க்கு, ஆங்குள்ள ஒரு விரற்கடை அகலமே ஏறத்தாழ ஒரு விகலையாகத் தோன்றும். அவ்விரட்டை விண்மீன்களின் இடைவெளி விகலை சிலவே. ஜேக்கப் தேடிய பிறழ்ச்சி விகலையிலும் ஒரு சிறு கூறு. மலைக்கோட்டை மேல் வைத்த விரலின் அகலத்தையும் அன்று, அவ்விரலின் நடுக்கத்தைத் திருவரங்கத்திலிருந்து அளத்தலை ஒக்கும் அது.

1890களில் அமெரிக்க நாட்டுச் சீ என்பார் அதே விண்மீனிடத்து 36 ஆண்டிற் சுற்றும் இருண்ட பொருளொன்று உண்டென மிக உறுதியாகக் கூறினார். 1899இல் மோல்டன் என்பார் கணித்து, அத்தகைய பொருள் அவ்விரட்டையினிடையே நிலைபெற்றுச் சுற்றவியலாது, நெடிது நில்லாமற் சிதறும் எனக் காட்டினார். பின்வந்த நுண்கருவிகளால் ஆராய்ந்தோரும் ஜேக்கப் கூறிய பிறழ்ச்சியைக் கண்டாரல்லர். அவ்விரட்டை விண்மீனிடத்துக் கோள் ஒன்றும் இந்நாள்காறும் நிலைநாட்டப்பட்டிலது.

ஜேக்கப் 1862இல், மலைமேல் வானாய்வு நடத்துங் கருத்தொடு மீண்டும் இந்தியாவிற்கு வந்து, வந்த சின்னாளிற் பூனாவில் உயிர்நீத்தார். தாம் கண்டது பிழையென அவர் அறிந்திலர்.

ஏதுப்போலிகள்

இனி, இவர் கருதல் எவ்விடத்து வழுவிற்று என ஆராய்வாம். அசைவுள்ளவிடத்து அசைப்பதொன்று உண்டென்னும் உடனிகழ்ச்சியில் வழுவில்லை. புகையுள்ளவிடத்து நெருப்புண்டென்பது போல்வதே அது. வழு, மலைமேற் கண்டது புகைதானா என்பதில் உளது. மார்கழி விடியலிற் காவிரிமேல் எழும் பனிமூட்டத்தைப் புகையெனக் கொண்டு, ஆற்றிடை நெருப்புண்டென்பாரை ஒப்ப, கருவியானும் கணக்கானும் நேர்ந்த சிறு பிழைகளை விண்மீனின் அசைவெனக் கொண்டமையே ஈண்டு நிகழ்ந்தது. ஏதுவே பக்கத்தில் இல்லாமையின் இஃது அசித்தம் என்னும் ஏதுப்போலியாம்.

சீ என்பார் கூற்றோ, வலியதோர் அளவையால் மறுக்கப்பட்டமையின் பாதிதத்தின்பாற் படும். ஏது மெய்யாகவே இருந்தும், அது துணிபொருளோடன்றிப் பிறிதொன்றோடும் நிகழவல்லதாயின், அதனை அனைகாந்திகம் என்பர். அதற்கும் இவ்வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு, பின்னர்க் கூறுதும். அளவை நூலைப் பழங்கலையென ஒதுக்குவார், இன்றைய வானூலார் ஒவ்வொரு புதுக்கோளையும் இவ்வினாக்களாலேயே சோதிக்கின்றனர் என்பதனை நோக்குவாராக.

1991இல் யாம் முழங்கிய கோளின் கதைக்கு வருவாம். அது ஜோட்ரல் பாங்கு வானொலித் தொலைநோக்கி கொண்டு ஆண்ட்ரூ லைன் என்பாரும் அவருடன் பணிபுரிந்தாரும் கண்டதாகக் கூறியது. பெருவிண்மீன் வெடித்தழிந்தபின் எஞ்சிய கருவாகிய துடிமீன், கடிகாரம் போல ஒழுங்காகத் துடிப்பொலி விடுவது. அத்துடிப்புக்கள் ஆறு திங்களுக்கொருமுறை முந்தியும் பிந்தியும் வருவன போலத் தோன்றவே, கோளொன்று அதனை அசைக்கின்றதெனக் கொண்டனர். உண்மையில் அசைந்தது அத்துடிமீன் அன்று. நாம் நிற்கும் புவியே. புவி ஞாயிற்றைச் சுற்றும் வழி சரிவட்டமன்று, சிறிதே நீண்ட வட்டம். அதனாலாம் வேறுபாட்டைச் செம்மையாகக் கழியாது விட்டமையும், அத்துடிமீன் நிற்குமிடத்தைக் குறித்ததிற் சிறு பிழை நேர்ந்தமையும் கூடி, இல்லாத கோளை உளதாகக் காட்டின. ஓடத்தில் இருப்பான் கரைமரம் ஓடுகின்றதென்றாற் போலாயிற்று.

1992 சனவரியில் அட்லாண்டா நகரிற் கூடிய வானூலார் பேரவையில் லைன் எழுந்து நின்று, தம் பிழையைத் தாமே எடுத்துரைத்தார். அவ்வவை அவரை இகழவில்லை. நெடுநேரங் கைகொட்டிப் போற்றியது. யாம் பிழைகூறியபோது எமக்குக் கிடைத்த கைத்தட்டலையும், அவர் பிழை நீக்கியபோது அவர்க்குக் கிடைத்த கைத்தட்டலையும் ஒப்புநோக்கி யாம் நாணுகின்றேம்.

அதே திங்களில், வோல்சான், பிரெயில் என்னும் இருவர் வேறொரு துடிமீனிடத்து இரண்டு கோள்கள் உண்மையை வெளியிட்டனர். லைன் கூற்றைக் கெடுத்த பிழை தம்மிடத்தும் உண்டோவென ஆய்ந்து, இல்லையெனத் தெளிந்தே வெளியிட்டனர். ஞாயிற்றுக்கு அப்பால் ஐயமற நிலைநாட்டப்பட்ட முதற் கோள்கள் அவையே.

ஒரு சோற்றுப் பதம்

துடிமீன் இறந்துபட்ட விண்மீன். நம் ஞாயிற்றை ஒத்த விண்மீனிடத்து முதற்கண் கோள் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு மிசேல் மேயர், திதியே குவெலோ என்பார். கண்ட ஆண்டு 1995. விண்மீன், பெகாசசு மண்டிலத்து 51ஆம் எண்ணது. அவர் கொண்ட ஏதுவும் அசைவே. எனினும் அளந்த முறை வேறு. விண்மீன் நம்மை நோக்கி வருங்கால் அதன் ஒளி நீலத்தின்பாலும், விலகுங்கால் செம்மையின்பாலும் சிறிதே சாயும். ஒளியை நிறமாலையாகப் பிரித்து அச்சாய்வை அளந்தால் விண்மீனின் விரைவு புலனாம். வியாழன் நம் ஞாயிற்றை அசைக்கும் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர். நம் புவி அசைப்பதோ நொடிக்கு 9 சென்டிமீட்டரே.

அவர் கண்ட கோள் வியாழனிற் பாதியளவு எடையுடையது. ஆயினும் தன் விண்மீனை 4.23 நாளில் ஒருமுறை சுற்றுவது! ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடைப்பட்ட தொலைவில் இருபதில் ஒரு பங்கே அதன் தொலைவு. இச்செய்தி வானூலாரைத் திகைப்பித்தது. ஏன் திகைப்பித்தது என அறியக் கோட்குடும்பம் பிறக்குமாற்றைச் சுருங்க உணர்தல் வேண்டும்.

கான்ட் என்பார் 1755இலும், லாப்லாசு என்பார் 1796இலும் கூறிய கருத்தின் வழிவந்தது இன்றைய கொள்கை. வளியும் துகளுமாகிய பெருமுகில் தன் ஈர்ப்பால் தானே சுருங்கும். சுருங்குந்தோறும் விரைந்து சுழன்று தட்டையாகும். நடுவண் திரண்டது விண்மீனாகும். சூழ்ந்த தட்டில் எஞ்சியது கோள்களாகும். கொள்ளிடத்தில் நீரோட்டம் தளருமிடத்து மணல் தங்கித் திட்டாதலைக் காண்கின்றோமல்லமோ? அத்தட்டிலும் வளியின் அழுத்தம் மிக்க வளையங்களில் துகள்கள் தங்கித் திரளும். துகள் கூழாங்கல்லாகும், கற்கள் கூடி மலையளவினவாகும், அவை மோதியும் இணைந்தும் கோள்களாகும். விண்மீனுக்கு அண்மையில் வெப்பம் மிகுதலின் பாறையும் உலோகமுமே உறைந்து நிற்கும். ஆங்குச் சிறு பாறைக்கோள்கள் தோன்றும். சேய்மையிற் பனிக்கட்டியும் உறையுமாதலின் பெருங்கருக்கள் திரண்டு, வளியைப் பற்றி வியாழன் போலப் பருக்கும். தட்டிலுள்ள வளி சில பத்து இலட்சம் ஆண்டுகளில் மறைந்துவிடுமாதலின், அதற்குள் அவை பருத்து முடிதல் வேண்டும். நம் கோட்குடும்பம் இங்ஙனந் தோன்றி 456 கோடி ஆண்டுகளாயின என்ப.

இக்கொள்கை வெறுங்கருத்தளவில் நிற்கவில்லை. 2014இல், சிலி நாட்டு மேட்டுநிலத்து ஆல்மா என்னும் வானொலித் தொலைநோக்கித் தொகுதி, 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.எல். தௌரி என்னும் இளவிண்மீனைச் சூழ்ந்த தட்டையும், அதிலுள்ள வளையங்களையும் இடைவெளிகளையும் படமாக்கிற்று. 2018இல் பி.டி.எஸ். 70 என்னும் விண்மீனின் தட்டிடையே வளர்ந்துவரும் கோள் ஒன்றே படத்திற் பதிந்தது. கருதலுக்குக் காண்டலும் துணைவந்த இடம் இது.

அற்றேல், பெருங்கோள் சேய்மையிலன்றோ தோன்றல் வேண்டும்? பெகாசசுக் கோள் விண்மீனின் மடியிலே சுற்றுவதென்னை? "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி. ஒரு பானைக்குத்தான் ஒரு சோறு பதம். அடுத்த வீட்டுப் பானைக்கு அன்று. நம் ஞாயிற்றின் குடும்பமொன்றையே கண்டு எல்லாக் குடும்பமும் இன்னவென உடனிகழ்ச்சி கொண்டமையே ஆண்டை வழு. சேய்மையிற் பிறந்த பெருங்கோள்கள் தட்டோடு உராய்ந்தும் பிற கோள்களால் உந்தப்பட்டும் உள்நோக்கி இடம்பெயர்தல் கூடுமென்பது இன்று பெரிதும் ஒப்பப்பட்டுளது.

இதனோடு, அனைகாந்திக வினாவும் எழுந்தது. விண்மீன் அசைதலாலன்றி, அதன் மேற்பரப்பு விம்மித் தணிதலாலும் நிறமாலை சாய்தல் கூடுமன்றோ என 1997இல் டேவிட் கிரே என்பார் தடைநிகழ்த்தினார். மீண்டும் அளந்தபோது அத்தடைக்கு இடமில்லாமை தெளிந்து, 1998இல் அவரே தம் தடையைக் கைவிட்டார். மேயர், குவெலோ இருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டாம் ஏது

ஓரேதுவால் துணிந்ததனை வேறோரேதுவாலும் துணியின் ஐயம் அகலும். அவ்விரண்டாம் ஏது ஒளிமங்கல். கோளொன்று தன் விண்மீனுக்கும் நமக்கும் இடையே குறுக்கிடின், விண்மீனின் ஒளி சிறிதே குறையும்.

இதற்கும் தமிழகத்து வரலாறு ஒன்றுண்டு. சென்னை வானாய்வகத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல், ரெடிகுலம் மண்டிலத்து ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தவர். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்து உறுப்பினரானவர். 1874 திசம்பர் 9இல் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லவிருந்த நிகழ்ச்சியை நம்மனோர் அஞ்சாது அறிந்து காணும்பொருட்டு, நம் நாட்டு மொழிகளில் நூலெழுதி வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கையும் தொலைநோக்கியையும் ஒருங்கு கற்ற அப்பெரியார் போல்வார் இன்னும் பலர் வேண்டும்.

அந்நிகழ்ச்சி 2004 சூன் 8இல் மீண்டும் நிகழ்ந்தபோது, திருவரங்கத்தில் எம் வீட்டு மேல்தளத்தில் யாமும் சிறார் சிலரும் கண்டேம். சிறு தொலைநோக்கியின் வழியே ஞாயிற்றின் நிழலுருவை வெள்ளைத் தாளில் வீழ்த்தியபோது, மிளகளவுங்கூட இல்லாத கரும்புள்ளியொன்று ஊர்ந்து சென்றது. அப்புள்ளி மறைத்த ஒளி ஞாயிற்றொளியில் ஆயிரத்தில் ஒரு கூறு. தளத்தில் எரித்த வெயில் சிறிதுங் குறைந்ததாக ஒருவரும் உணரவில்லை. உணரமுடியாத அக்குறைவைத்தான் வானூலார் ஆயிரமாயிரம் விண்மீன்களிடத்துத் தேடுகின்றனர்.

இம்முறையின் வலியை 1977 மார்ச்சு 10ஆம் நாளே உலகம் கண்டது. யுரேனசு ஒரு விண்மீனை மறைக்கப் புகுந்தபோது, மறைக்குமுன்னரே அம்மீனின் ஒளி மங்கி மங்கி மீண்டது. அதனால் யுரேனசைச் சூழ வளையங்கள் உண்மை துணியப்பட்டது. அம்மங்கலைச் சவ்வாது மலையிற் காவலூர் வானாய்வகத்தாரும் பதிவு செய்தனர். 1999இல், அசைவால் முன்னரே அறியப்பட்ட எச்.டி. 209458 என்னும் விண்மீனின் கோள், குறித்த நாளிற் குறித்த நேரத்தில் ஒளியை மறைத்தது. அசைவும் மறைப்பும் ஒரே பொருளைச் சுட்டவே, கோளல்லாத வேறு காரணங் கூறுவார்க்கு இடமில்லாதாயிற்று. அசைவு எடையைத் தரும். மறைப்பு பருமையைத் தரும். இரண்டுங்கூடின் அடர்த்தி பெறப்படும். அதனாற் பாறையோ வளியோ என்பதும் அறியப்படும்.

2009 முதல் 2018 வரை வானிலிருந்து நோக்கிய கெப்ளர் தொலைநோக்கி ஒன்றே 2,600க்கு மேற்பட்ட கோள்களைத் தந்தது. 2017இல், 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள திராப்பிசுட்டு-1 என்னுஞ் செங்குறுமீனைப் புவியளவின ஏழு கோள்கள் சுற்றுதல் வெளியாயிற்று. அவ்வேழும் புதனின் வழிக்குள்ளே அடங்கும். 2018இல், நம் நாட்டு இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் ஆபு மலைக் குருசிகரத்திற் பராசு என்னும் நிறமாலைக் கருவிகொண்டு, 27 புவி எடையும் 19.5 நாட் சுற்றும் உடைய கோளை உறுதிசெய்தனர். 2025 செப்டம்பரில் உறுதிப்பட்ட புறக்கோள்களின் தொகை 6,000ஐக் கடந்தது. அவற்றுட் பல, புவியினும் பெரியவாய் நெப்தியூனினுஞ் சிறியவாய் உள்ளன. அத்தகைய கோள் ஒன்றுதானும் நம் குடும்பத்தில் இல்லை.

ஏது கெடினும் பொருள் கெடாமை

ஈண்டு மாணவர் ஒன்றை நன்கு கடைப்பிடித்தல் வேண்டும். ஏது போலியென்று காட்டப்படின், அவ்வேதுவால் துணிதல் கெட்டதேயன்றி, துணிபொருள் இல்லையென்பது பெறப்படாது. பனிமூட்டத்தைப் புகையென்றவன் பிழைத்தானாயினும், அம்மலையில் நெருப்பு வேறோரிடத்து இருத்தலுங் கூடும்.

ஜேக்கப் ஆராய்ந்த அப்பாம்பேந்தி மண்டிலத்திலேயே, 6 ஒளியாண்டுத் தொலைவிற் பர்னார்டு விண்மீன் என்னுஞ் சிறுமீன் உளது. 1963இல் வான் டி காம்பு என்பார் அதற்கு வியாழனை ஒத்த கோளுண்டென்றார். அசைந்தது விண்மீனன்று, பழுதுபார்த்து மாட்டிய தம் தொலைநோக்கியின் ஆடியே என்பது பின்னர்த் தெளிந்தது. அவர் கூறிய கோள் இல்லை. ஆயினும் 2024இலும் 2025இலும் வெளிவந்த ஆராய்ச்சிகளால், அவ்விண்மீனைப் புவியினும் எடைகுறைந்த நான்கு கோள்கள் சில நாட்களில் சுற்றிவருதல் அறியப்பட்டது. அவர் பிழைத்தார், எனினும் அங்குக் கோள்கள் இருந்தன.

ஜேக்கப் கைக்கொண்ட நெறியும் வீண்போயிற்றில்லை. 2013இல் ஐரோப்பியர் விண்ணிற் செலுத்திய கையா என்னும் தொலைநோக்கி, விண்மீன்களின் இருப்பிடத்தை விகலையின் பல்லாயிரத்தில் ஒரு கூறுவரை அளந்தது. அவ்வளவையால் அசைவு கண்டு, நிறமாலையாலும் உறுதிசெய்யப்பட்ட கையா-4பி என்னுங் கோள் 2025இல் வெளியிடப்பட்டது. சென்னையில் ஜேக்கப் எழுதி 170 ஆண்டு கழித்து அந்நெறி பயன்தந்தது.

இன்றும் இத்தகைய வழக்கொன்று நடைபெறுகின்றது. 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னுங் கோளின் வளிமண்டிலத்தில், நம் புவியிற் கடலுயிர்கள் வெளிவிடும் ஆவியொன்றின் குறி தோன்றுவதாகக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து நிக்கு மதுசூதன் என்னும் நம் நாட்டறிஞரும் அவர் குழுவினரும் 2025 ஏப்பிரலில் அறிவித்தனர். அக்குறி மெய்யோ, மெய்யாயினும் உயிரின்றியே அவ்வாவி தோன்றலாகாதோ என அறிஞர் பலர் தடைநிகழ்த்துகின்றனர். முன்னது அசித்த வினா; பின்னது அனைகாந்திக வினா. இரண்டும் தீருமுன்னர் உயிருண்டென்றேனும் இல்லையென்றேனும் துணிதல் அளவையறிந்தார் செயலன்று.

எம் பிழை யாது?

இனி எம் பிழைக்கு வருவாம். நாளிதழ்ச் செய்தியை நம்பியது பெரும்பிழையன்று. கண்டவர்தாமே அன்று நம்பினர். புராணங் கூறும் அண்டமும் வானூலார் கூறுங் கோளும் ஒன்றென்பதற்கு ஏது ஒன்றுங் காட்டாது, இரண்டும் பல என்பதொன்றே பற்றி ஒன்றாக்கினேம், இது முதற்பிழை. உரையளவை தன் பொருளிடத்துத் தானே நிற்கவல்லது என்பது நம் கொள்கையாயிருக்க, அதற்கு முட்டுக்கொடுப்பார் போல நேற்றைய ஆராய்ச்சியொன்றைக் கொணர்ந்து நிறுத்தினேம். இஃது இரண்டாம் பிழை. முட்டுத் தூண் சாய்ந்தால், காண்பார் வீடே சாய்ந்ததென்பர். 1992இல் அத்தூண் சாய்ந்தது, யாம் வாளாவிருந்தேம். அதுவே மூன்றாம் பிழை. மூன்றனுட் பெரிதும் அதுவே.

கோளரங்கத்திற் கண்ட அவ்வாசிரியருக்கு இவையெல்லாம் எழுதி விடுத்தேம். "ஐயா, இனி என் பிள்ளைகளுக்கு அந்தக் கோளைச் சொல்லமாட்டேன், அது இல்லாமற்போன கதையைச் சொல்கிறேன்" என விடை வந்தது. அன்று கேட்டாருள் இன்று உள்ளாரும், அவர்பாற் கேட்டாரும் இக்கட்டுரையைக் காண்பாராயின், 1991இல் யாம் கூறியதனைக் கைவிட்டு இதனைக் கொள்வாராக. அம்மன்றத்தார் இசைவின், அவ்வவையிலேயே நின்று இதனைக் கூறவும் விழைகின்றேம்.